எஞ்சினின் சூடும் மூச்சும்

அரசியலை விட்டால் இவனுக்கு எழுத வேறொன்றும் இல்லை என்று என்னைப் பற்றி நண்பர்கள் கூறுவதுண்டு. இன்று பழைய வாகனங்களைப் பற்றி எழுதுகின்றேன். இலங்கையைப் பொறுத்தவரையில் அதுவும் ஒருவகையில் அரசியல்தான். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறக்கப்பட்டபோது, 2022 இல் விழுந்த ரூபாவும் இறக்குமதி வரிகளும் சேர்ந்து, புதிய வாகனத்தைச் சாதாரணக் குடும்பம் ஒன்றின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டன. ஆகவே இருபது, முப்பது வருடங்கள் ஓடிக் களைத்த கார்களும் வான்களும் இன்னும் நெடுங்காலம் ஓடியே ஆகவேண்டும். அவற்றை வாடகைக்கு ஓட்டி வயிறு வளர்ப்பவர்கள் பல்லாயிரம் பேர்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் பலருக்கு இந்த விடயம் ஒரு தொலைபேசி அழைப்பின் வடிவில் வந்து சேர்ந்திருக்கும். "அண்ணை, வாகனம் சூடாகுது. எஞ்சின் செய்ய வேணுமாம்." அதன் பின்னர் ஒரு தொகை சொல்லப்படும். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இரவு வேலை முடித்து வந்தவர் அந்தத் தொகையை அனுப்பிவைப்பார். எஞ்சின் உண்மையாகவே செய்யப்பட வேண்டியதாக இருந்ததா என்று அவர் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லத்தக்க விதத்தில் அந்த எஞ்சினை எவரும் சோதித்துப் பார்த்திருப்பதில்லை. என்னுடைய முறைப்பாடு முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியதே.

நமது கராஜ்களில் இரண்டு பழக்கங்கள் ஆழ வேரூன்றியிருக்கின்றன. எஞ்சின் சூடாகின்றது என்றால் தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிந்துவிடுவது ஒன்று. எஞ்சினின் உள்ளிருந்து புகை வருகின்றது என்றால், அந்தப் புகை செல்லும் றப்பர் குழாயைக் கழற்றி நிலத்தை நோக்கித் தொங்கவிடுவது அல்லது ஒரு வெற்றுப் போத்தலுக்குள் செருகிவிடுவது மற்றையது. இரண்டுமே நோய் என்ன என்று சொல்ல வந்த அடையாளத்தை வாய் மூடச் செய்யும் வேலைகள். செய்தியாளனுக்கு இது புதிதல்ல. தகவல் கொண்டுவந்தவனைத் தண்டிக்கும் மரபு நமக்குப் பழக்கமானதே.

இந்தப் பழக்கங்கள் நமக்கு மட்டும் உரியவை அல்ல. வெப்பநாடுகள் பலவற்றிலும் இவை இருக்கின்றன. ஆனால் வடக்கில் அவற்றுக்கு ஒரு தனி வரலாறும், அதனால் வந்த ஒரு மரியாதையும் உண்டு.

ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய பிரித்தானியக் கார்கள், அவை பிறந்த நாட்டில் நூதனசாலைப் பொருளாகிப் பல காலம் சென்ற பின்னரும் யாழ்ப்பாணத்து வீதிகளில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பின்னர் பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல் அங்கு சென்று சேரவில்லை. சென்று சேர்ந்த சிறிதளவும் விலைக்கு வாங்க முடியாததாக இருந்தது. அப்போது நமது மெக்கானிக்மார் அந்தக் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடும் உபாயம் அது. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அந்த வாகனங்களில்தான் வைத்தியசாலைக்குச் சென்றார்கள். அதனைச் செய்தவர்களின் கைகளை நான் இன்றும் வணங்குவேன்.

ஆனால் மண்ணெண்ணெய் அந்த எஞ்சின்களுக்கு என்ன செய்தது என்பதையும் பார்க்கவேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாமல் எஞ்சும் துளிகள் சிலிண்டரின் சுவரில் படிந்திருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் றிங்குகளைக் கடந்து கீழே இறங்கி, அடித்தொட்டியில் இருக்கும் ஒயிலோடு கலந்துவிடும். ஒயிலின் அளவு பார்க்கும் டிப்ஸ்ரிக் கம்பியில் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு போகும். "என்ர எஞ்சின் ஒயில் குடிக்கிறேல்லை" என்று மகிழ்ந்த சாரதிமார் அன்று இருந்தார்கள். அவர்களுடைய ஒயில் மண்ணெண்ணெயால் நீர்த்துக்கொண்டிருந்தது. அத்தோடு மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகவும் குறைவு. அழுத்தத்தைத் தாங்காமல் நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும். அந்தத் தட்டலும் சூடாகவே வெளிப்படும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட எஞ்சின்கள் பிரித்தானியாவில் இருந்தன. 1940களின் இறுதியில் வந்த பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை அத்தகையது. அதற்கு அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். புகைபோக்கியின் சூட்டினால் எரிபொருளை ஆவியாக்க ஏற்பாடு செய்தார்கள். ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு திரையையும் தொங்கவிட்டார்கள். அத்திரை எஞ்சின் குளிர்ந்துவிடாமல் காப்பதற்கானது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் சூடாக இருந்தாக வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டே தேர்மோஸ்டற்றையும் கழற்றிய எஞ்சினின் அடித்தொட்டிக்குள் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

முற்றுகைக் காலத்தில் அதுவே சரி. வேறு வழி இருக்கவில்லை. உதிரிப்பாகம் கிடைக்காதபோது இறுகிப்போன தேர்மோஸ்டற்றைக் கழற்றிவிட்டு ஓடுவதைத் தவிர வேறென்ன செய்வது? ஆனால் முற்றுகை போன பின்னரும், உதிரிப்பாகக் கடைகள் வீதிக்கு வீதி முளைத்த பின்னரும், உபாயம் மாத்திரம் போகவில்லை. ஆசானிடம் இருந்து சீடனுக்கு அது விதியாகக் கைமாறியிருக்கின்றது. "இது குளிர்நாட்டுக்காரன் வைச்ச சாமான், எங்களுக்குத் தேவையில்லை" என்று கூறும் இருபது வயது இளைஞனை நான் சந்தித்திருக்கின்றேன். அவன் பிறக்கும்போது பொருளாதாரத் தடை முடிந்திருந்தது.

அந்தச் சாமான் குளிர்நாட்டுக்கு உரியது என்பது முதலாவது தவறு. மெழுகு நிரம்பிய ஒரு சிறு குடுவைதான் தேர்மோஸ்டற்றின் உயிர். வழமையாக 82 பாகை செல்சியஸ் அளவில் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதுவரையில் தண்ணீரை ரேடியேற்றருக்குச் செல்ல விடாது. யாழ்ப்பாணத்தின் 32 பாகை வெயிலும் லண்டனின் 5 பாகைக் குளிரும் எஞ்சினுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டும் அது வேலை செய்யவேண்டிய வெப்பநிலைக்கு வெகு கீழே உள்ளவை. இரண்டாவது தவறு இன்னும் பெரிது. சூடு மிஞ்சிய எஞ்சினில், பழுதடையாத தேர்மோஸ்டற் ஏற்கனவே முழுதாகத் திறந்தே இருக்கின்றது. திறந்திருக்கும் கதவைக் கழற்றி எறிவதால் சூடு தணியப்போவதில்லை. பழுதடைந்து மூடிக்கொண்ட தேர்மோஸ்டற் என்றால் கழற்றியதும் சூடு குறையும் என்பது உண்மை. அதற்குப் பரிகாரம் புதியது ஒன்றைப் பூட்டுவதே. பழுதா இல்லையா என்று அறிவதற்குக் கல்விமான் தேவையில்லை. அடுப்பில் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் பிடித்தால் எப்போது திறக்கின்றது என்று கண்ணுக்குத் தெரியும்.

இனி, எஞ்சின் எப்போது சூடாகின்றது என்ற கேள்விக்கு வருவோம். "சூடாகுது" என்ற ஒற்றைச் சொல்லில் நோய் அடங்காது. வைத்தியர் காய்ச்சல் எப்போது வருகின்றது, காலையிலா மாலையிலா என்று கேட்பதில்லையா? நின்ற நிலையிலும் நெரிசலிலும் சூடாகி, வெளிவீதியில் ஓடும்போது தணிந்தால் காற்றுத்தான் போதவில்லை. விசிறி, அதன் பெல்ட், மின்விசிறியாயின் அதனை இயக்கும் சுவிச், விசிறியைச் சுற்றியிருக்க வேண்டிய கூடு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அந்தக் கூட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டாமல் விட்ட வாகனங்கள் ஏராளம். மாறாக, நகருக்குள் நன்றாக ஓடி, கண்டி வீதியில் வேகம் பிடித்ததும் சூடாகுமாயின் தண்ணீர்தான் போதிய அளவு ஓடவில்லை. ரேடியேற்றரின் குழல்கள் அடைத்திருக்கலாம், அல்லது உறிஞ்சும் வேகத்தில் கீழ்க்குழாய் ஒட்டிப்போகலாம். கலவையில் பெற்றோல் குறைந்தாலும், தீப்பொறியின் நேரம் பிந்தினாலும் இதே விதமாகச் சூடாகும். குளிர்ந்த எஞ்சினை இயக்கி ஒரு சில நிமிடங்களிலேயே முள் ஏறினால், ஒன்றில் முள் பொய் சொல்கின்றது, அல்லது ஹெட் கஸ்கற் வழியாக எரிவாயு தண்ணீருக்குள் வருகின்றது.

முள் பொய் சொல்லும் என்பதைப் பலர் நம்ப மறுக்கின்றார்கள். பழைய கார்களில் மின்னோட்டத்தைச் சீராக்கும் ஒரு சிறு பெட்டி பழுதடைந்தாலோ, ஏர்த் வயர் தளர்ந்தாலோ எஞ்சின் சுகமாக இருக்கும்போதே முள் சிவப்புக்குப் போகும். இப்போது கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை மேல்குழாயிலும் கீழ்க்குழாயிலும் ரேடியேற்றரின் முகத்திலும் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். ரேடியேற்றரில் ஓரிடம் சூடாகவும் இன்னோரிடம் குளிராகவும் இருந்தால் அந்தக் குளிர்ந்த இடத்தில் தண்ணீர் ஓடவில்லை.

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் ஓடாமைக்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கின்றது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் உட்புறம் சில கிழமைகளில் வெள்ளை படிவதை எல்லா வீட்டாரும் கண்டிருக்கின்றார்கள். அதே தண்ணீரைத்தான் ரேடியேற்றருக்கும் வார்க்கின்றோம். அதே வெள்ளை, எஞ்சினுக்குள் மிகவும் சூடான இடங்களில், அதாவது சூடு கடத்தப்படவேண்டிய இடங்களிலேயே படிகின்றது. சூட்டைக் கடத்தாத ஓர் ஓட்டினால் சிலிண்டரை நாமே போர்த்துவிடுகின்றோம். கூலன்ற் என்பது உறைபனிக்கு மட்டுமானது என்று எண்ணி அதனை வாங்குவதில்லை. அதில் இருக்கும் துருத்தடுப்பு இரசாயனமே நமக்கு முக்கியம். பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரில் கூலன்றைக் கலந்து விடுவது இரண்டு வருடங்களில் ஒருமுறை வரும் செலவு. கிணற்றுத் தண்ணீர் இலவசம். அதன் விலை பின்னர் வருகின்றது.

மூடியையும் மறந்துவிடக்கூடாது. ஜப்பானியக் கார்களின் ரேடியேற்றர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். உள்ளே பிடித்துவைக்கும் அழுத்தத்தின் அளவு அது. 0.9 அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 பாகை வரையில் கொதிக்காது. மூடியின் றப்பர் இற்றுப்போனால் அதே தண்ணீர் 100 பாகையில் கொதித்து வெளியே ஓடும். உடனே 'எஞ்சின் தண்ணி குடிக்குது' என்று தீர்ப்பாகிவிடும். பெரிய திருத்தத்துக்கு முன்னர் முதலில் மாற்றிப் பார்க்கவேண்டிய மிக மலிவான பொருள் அந்த மூடிதான்.

சூட்டைப் பற்றியாவது எல்லோரும் கதைக்கின்றார்கள். எஞ்சினின் மூச்சைப் பற்றிக் கதைப்பவர் அரிது. எவ்வளவு புதிய எஞ்சினாக இருந்தாலும் எரிவாயுவில் சிறிதளவு பிஸ்டன் றிங்குகளைக் கடந்து கீழே கிராங்கேஸுக்குள் இறங்கும். எரியாத பெற்றோல் ஆவியும் நீராவியும் அதில் உண்டு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகின்றது என்பது பலருக்கு வியப்பளிக்கும். இவை வெளியேற ஒரு வழி வேண்டும். ஒஸ்ரின் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் நிலத்தை நோக்கிய ஒரு வெறும் குழாய்தான் வழி. வாகனம் ஓடும்போது அடியில் செல்லும் காற்று உள்ளிருப்பதை இழுத்துக்கொள்ளும். நின்றால் இழுப்பு இல்லை. கலிபோர்னியாவின் புகைமண்டலத்தை ஆராய்ந்தவர்கள், கட்டுப்பாடற்ற ஒரு காரின் ஹைட்ரோகார்பன் மாசில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தக் குழாயினாலேயே வெளியேறுகின்றது என்று கண்டார்கள். 1961 முதல் அங்கு விற்ற புதிய அமெரிக்கக் கார்களில் அந்தப் புகையை எஞ்சினே மீண்டும் உறிஞ்சி எரிக்கும் ஏற்பாடு வந்தது. அதன் இதயம் பி.சி.வி. வால்வு எனப்படும் விரலளவான ஒரு பொருள்.

எனக்கு வேண்டிய ஒருவர் 1980களின் இறுதியில் தயாரான ஜப்பானியப் பெற்றோல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகின்றார். எஞ்சினின் பின்புறத்தால் ஒயில் ஒழுகியது. ஒரு கராஜில் ஒயில் சீல் மாற்றினார்கள். மூன்று மாதத்தில் மீண்டும் ஒழுகியது. மீண்டும் கியர் பெட்டியை இறக்கி மீண்டும் சீல் மாற்றினார்கள். மூன்றாவது தடவை 'எஞ்சின் செய்யவேண்டும்' என்றார்கள். அவருடைய நாலைந்து மாத வருமானம் அது. பணம் புரட்ட அலைந்துகொண்டிருந்தபோது, ஒழுங்கை ஒன்றில் தனியாக வேலை செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் யாரோ அனுப்பிவைத்தார்கள். அவர் எஞ்சினை இயக்கி, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன்மேல் ஒரு துண்டுப் பத்திரிகைத் தாளை வைத்தார். தாள் பறந்து போயிற்று. சுகமான எஞ்சினில் அது மெதுவாக உள்நோக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். வால்வைக் கழற்றிக் குலுக்கினார். கலகலக்க வேண்டிய அது சத்தமே போடவில்லை. கரி இறுகி அடைத்திருந்தது. அதனோடு வரும் றப்பர் குழாயும் உள்ளே வீங்கி ஒட்டியிருந்தது. வெளியேற வழியில்லாத அழுத்தம், எங்கே இளகுமோ அங்கே, அதாவது சீல் வழியாக, ஒயிலைத் தள்ளிக்கொண்டிருந்தது. வால்வும் குழாயும் மாற்றியபின் கசிவு அடியோடு நிற்கவில்லை. முப்பது வயதுக் கார் அது. ஆனால் கிழமைக்கு ஒரு போத்தல் ஒயில் ஊற்றியவர் இப்போது மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். எஞ்சின் திறக்கப்படவேயில்லை.

தாள் பறந்தால் எப்போதும் வால்வுதான் காரணம் என்று எவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. றிங்குகள் தேய்ந்தாலும் பறக்கும். வால்வும் குழாயும் தெளிவாக இருந்து, மூடித் துவாரத்தால் புகை குப்குப்பென்று வந்தால் அடுத்ததாக அழுத்தமானியைப் பூட்டி ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்கவேண்டும். குறைந்த அழுத்தமுள்ள சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளந்தால், அழுத்தம் கூடின் றிங் தேய்ந்திருக்கின்றது, கூடாவிடின் மேலே உள்ள வால்வுகளிலோ கஸ்கற்றிலோ குறை. அந்த அளவுகளைக் கடதாசியில் எழுதித் தந்துவிட்டு 'எஞ்சின் செய்யவேண்டும்' என்று சொன்னால் நான் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்வேன். டீசல் வான்களில் இவ்வகை வால்வு பெரும்பாலும் இராது. வெறும் குழாயே இருக்கும். சோதனை அதே போன்றதுதான்.

சூடும் மூச்சும் சந்திக்கும் இடம் ஒன்றிருக்கின்றது. ஒயில் மூடியின் அடியில் பாலாடை போன்ற வெள்ளைப் படிவு காணப்பட்டால் 'தண்ணி ஒயிலுக்குள்ள வந்திட்டுது' என்று ஹெட்டைக் கழற்றிவிடுகின்றார்கள். தேர்மோஸ்டற் இல்லாத எஞ்சின் தன் வெப்பநிலைக்கு ஏறுவதில்லை. ஏறாத எஞ்சினில் அந்த நீராவி வெளியேறாமல் குளிர்ந்த மூடியில் படியும். மூச்சுக்குழாயும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். டிப்ஸ்ரிக் கம்பியில் ஒயில் தெளிவாக இருந்து, ரேடியேற்றரில் தண்ணீரும் குறையாமல், மூடியில் மட்டும் வெள்ளை இருக்குமாயின் அது ஹெட் கஸ்கற்றின் குறையாக இருப்பது அரிது. உறுதிப்படுத்த நீலத் திரவச் சோதனை இருக்கின்றது. ரேடியேற்றரின் ஆவி பட்டு அது மஞ்சளானால் எரிவாயு கலந்திருக்கின்றது. முதலில் ஒரு கராஜில் தேர்மோஸ்டற்றைக் கழற்றி, அதனால் வந்த வெள்ளையைக் காட்டி இன்னொரு கராஜில் ஹெட்டைக் கழற்றுவது நமது ஊரில் நடக்கும் காரியம். இரண்டுக்கும் உரிமையாளர் பணம் கொடுக்கின்றார்.

மெக்கானிக்மாரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஒரு மணி நேரம் மினக்கெட்டு, தாளை வைத்துப் பார்த்து, அளந்து எழுதி, "மூடியை மாத்துங்கோ, போதும்" என்று சொன்னவருக்கு நாம் என்ன கொடுக்கின்றோம்? 'ஒண்டும் செய்யேல்லையே' என்று நன்றி சொல்லிவிட்டுப் புறப்படுகின்றோம். ஹெட்டைக் கழற்றியவருக்குக் கூலி எண்ணிக் கொடுக்கின்றோம். கழற்றியதற்குக் கூலியும் கண்டுபிடித்ததற்கு நன்றியும் என்று சந்தை ஒழுங்கு செய்திருக்கும்போது, அறிவுள்ளவனும் கழற்றத்தான் செய்வான். அரசின் பங்கும் இதில் பெரிதாக இல்லை. 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனை, புகைபோக்கியின் முடிவில் வருவதை அளக்கின்றது. கிராங்கேஸின் குழாயைக் கழற்றி நிலத்துக்கு விட்டவரின் புகை அந்தக் கருவியை எட்டுவதில்லை.

ஆகவே, எஞ்சின் செய்யக் காசு கேட்டு அழைப்பு வரும்போது மறுமுனையில் இருப்பவரிடம் சிலவற்றைக் கேட்கும்படி சொல்வேன். எப்போது சூடாகின்றது, நிற்கும்போதா ஓடும்போதா? தேர்மோஸ்டற் உள்ளே இருக்கின்றதா? சிலிண்டர்களின் அழுத்த அளவுகள் என்ன? மூச்சுக்குழாயை யாரேனும் கழற்றிப் பார்த்தார்களா? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால், சோதிப்பதற்கு மட்டும் என்று சொல்லி ஒரு நாள் கூலியை முதலில் அனுப்பிவையுங்கள். மூடி ஒன்றை மாற்றியதோடு வேலை முடிந்துவிட்டாலும் அந்தக் கூலியைத் திருப்பிக் கேட்காதீர்கள்.